நாலு நிமிஷம்

மெக்கன்ஸிக்கு வடக்கே
மரம் வெட்டி மொட்டையடித்த சரிவில்
மே மாதம் பனி பெய்கிறது.
இங்கே யாருக்கும் அது செய்தியில்லை.
நாற்று நடுபவர்கள் வேனிலிருந்து இறங்குகிறார்கள்.
விரல்களில் சாம்பல் நிற டேப்,
முழங்கால்வரை சேறு,
பேசுவதற்கு வாய் இன்னும் இளகவில்லை.
ஒரு நாற்றுக்குப் பதினெட்டு சென்ட்.
சோலான்ஜ் இன்று இரண்டாயிரத்து நூறு நட்டாள்.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்,
எனக்குக் குளிர்கிறது.

என் பொறுப்பு ஹீட்டர்.
இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொங்கும் தகரப் பெட்டி,
சின்ன சூட்கேஸ் அளவு.
ஓடையிலிருந்து பம்ப் உறிஞ்சித் தரும் தண்ணீர்.
இடப்பக்கம் சிலிண்டர், அடியில் இரண்டு தடித்த பேட்டரி.
குழாயைத் திறந்தால்
டிக் டிக் டிக்,
பிறகு ஒரு புஃப்.
கண்ணாடித் துளைக்குள் வரிசையாக நீலப் பற்கள்.
சற்றுமுன் மலைமேல் பனியாகக் கிடந்தது
இப்போது முதுகில் வெந்நீராக விழும்போது
எப்பேர்ப்பட்ட ஆளும் தார்ப்பாய்க்குப் பின்னால்
கன்றுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போடுவார்.
நான் கேட்காத மாதிரி நிற்பேன்.

சட்டம் ஒன்றுதான்: ஆளுக்கு நாலு நிமிஷம்.
முட்டை வேகவைக்கும் டைமர் என் கையில்.

கார்வின் ஒன்பது நிமிஷம் நின்றான்.
கம்பத்தைத் தட்டினேன். பாடினான்.
மறுபடி தட்டினேன். சரணத்துக்குப் போனான்.
வெளியே வந்தபோது
வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தான்,
இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் ஆவி.

அடுத்தது சோலான்ஜ்.
தலை நிறைய அவள் ஷாம்பூ தேய்த்த நேரம் பார்த்து
நீலப் பற்கள் குட்டையாகி
ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன.
டிக் டிக் டிக்.
டிக் டிக்.
தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்த பிரெஞ்சுச் சொற்களை
நான் இங்கே எழுதப்போவதில்லை.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.
சிலிண்டரின் அடிவயிற்றைத் தொட்டேன்,
வெள்ளையாக உறைந்து கையைக் கவ்வியது.
இதில் ஒரு வேடிக்கை உண்டு:
உள்ளிருக்கும் எரிவாயு பொங்கி வெளியேற
அதற்கே கொஞ்சம் சூடு வேண்டும்.
இருந்ததையெல்லாம் கொடுத்துக் கொடுத்து
கடைசியில் தான் விறைத்துப்போகும்.
வெந்நீர் போட வெந்நீர் கேட்கிற பண்டம்.

கார்வினிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவனே வந்தான்.
துண்டோடு, வெறுங்காலோடு,
பனிச்சேற்றில் மண்டியிட்டு
சிலிண்டரைக் கட்டிக்கொண்டான்.
வரிசையிலிருந்து திருடிய ஐந்து நிமிஷச் சூடு
அவன் தோளிலிருந்து இன்னும் புகைந்துகொண்டிருந்தது.
"பத்தாது" என்றேன்.
"தெரியும்" என்றான்.
விடவில்லை.

சமையல் கூடாரத்திலிருந்து வெர்னா வந்தாள்.
பாத்திரம் கழுவிய வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு வாளி.
மேலே பயறும் கேரட் துணுக்கும் மிதந்தன.
நகரு என்று சொல்லக்கூட இல்லை,
இரும்பின் மேலும் ஆள் மேலும்
ஒரே வீச்சில் ஊற்றினாள்.

டிக் டிக்.

டிக்.

புஃப்.

"சுடுது!" என்று சோலான்ஜ் அலறினாள்.
திருகுக்குக் கை கொண்டுபோனேன்.
"தொடாதே! தொட்டால் கொன்றுவிடுவேன்!"
கையை எடுத்தேன்.
டைமரைக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.
அது அங்கேயே மணியடித்து
தானாக ஓய்ந்தது.

கார்வின் காதோரம் ஒரு கேரட் துண்டு,
மார்பில் பாத்திரப் பிசுக்கு.
முதலிலிருந்து குளிக்க வேண்டிய கோலம்.
பற்கள் தந்தியடிக்க
வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான்,
எனக்கும் பின்னால்.

என் முறை வந்தபோது இருட்டிவிட்டது.
வெந்நீர் என்று சொல்ல முடியாது,
பச்சைத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது.
மூன்று நிமிஷத்தில் மூடினேன்.
மிச்சம் வைத்ததை அவனிடம் சொல்லவில்லை.
போகிற போக்கில் சிலிண்டரை விரலால் தட்டிப் பார்த்தேன்.
மேலே வெற்று ஒலி.
இன்னும் கீழே,
கிட்டத்தட்ட அடியில்,
கொஞ்சம் கனமாக ஒன்று.