இடது முன் ரயர்

மூன்று மாசத்தில் இரண்டாவது சோடி.
ரயர்க் கடைக்காரனை ஏசிக்கொண்டுதான் போனேன்.

ஓட்டமாவடிக் கராஜில் றிஸ்னி
ரயரைப் பார்க்கவில்லை, தடவினான்.
உள்ளே போகையில் வழுக்கிய கை
வெளியே வருகையில்
அரத்தில் பட்டதுபோல் நின்றது.
"இது ரயர்ட பிழ இல்ல அண்ணன்."

அலவாங்கை லோவர் ஆமுக்குக் கீழே கொடுத்து
ஒரே ஒரு நெம்பு.
டொக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
கிரான் பள்ளத்தில் தினமும் கேட்கும்,
நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிடுவேன்.

கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்,
வெடித்த றப்பர் புஷ்,
தோடஞ்சுளை அளவு.
"முதல்ல இது. பிறகு எலைன்மென்ற்.
ரயர கடைசியா வாங்குங்க.
மாத்திச் செஞ்சா
மாரிக்குள்ள திரும்பவும் வருவீங்க."

அசர் தொழுதுவிட்டு வந்து சாவி தந்தான்.

கிரான் பள்ளம். சத்தமில்லை.
டேஷ்போர்ட்டில் ஐந்து ரூபாய்க் குத்தி
உருளுவது கேட்டது.

ஆனால் கார் வலதுபக்கம் போகிறது.
எதிரே வந்த உழவு மெசின்
ஹோர்ன் அடித்த பிறகுதான் கண்டேன்:
இடப்பக்கம் இழுத்த காரை
வலப்பக்கம் பிடித்துப் பிடித்துப்
பழகிய மணிக்கட்டு
இன்னும்
பிடித்துக்கொண்டிருந்தது.