ஒட்டு

எந்திரம் பொய் சொல்கிறது என்று
குன்னேய்க்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
சிவப்பணு பதினொரு லட்சமாம்.
அப்படியானால் இந்தப் பெண்
மாடிப்படி ஏறியிருக்க மாட்டாள்,
பதிவுச் சன்னலில் சண்டை பிடித்திருக்க மாட்டாள்.

குழாயைச் சாய்த்தாள்.
கண்ணாடிச் சுவரில்
ரவை ரவையாய் இறங்கியது ரத்தம்.

அக்குலினா, ஐம்பத்தாறு வயது,
யாகூத்ஸ்க் சந்தையில் மீன் விற்பவள்.
ஜனவரியில் அங்கே மீனுக்கு ஐஸ் வேண்டாம்,
விறகாய் விறைத்து
பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும்.
சில்லறை எண்ண மட்டும் கையுறை கழற்றுவாள்.
விரல்நுனி நீலம் பாயும். மூக்குநுனியும்.
எல்லாருக்கும்தானே என்று
மூன்று குளிர்காலம் போக்கினாள்.

படிவத்தில் 'திரட்சி' என்றொரு கட்டம்.
'குளிர் எதிர்ப்பொருள்' என்று இன்னொன்று.
நம் அகராதி அதை நீட்டிச் சொல்லும்:
பிறபொருளெதிரி.
பிசகெல்லாம் அந்தப் 'பிற'வில்தான்.
குளிர்ந்துவிட்டால் அதற்கு உறவு தெரியாது.
ஐந்து உடல், பத்துக் கை,
அகப்பட்ட சொந்த அணுவை எல்லாம்
ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடும்.
எந்திரமோ அந்தக் கும்பலை
ஒரே ஆள் என்று எண்ணும்.

மொழிநூலாரிடமும் இதே சொல் உண்டு.
குன்னேய் வீட்டில் பேசுவது ஒட்டுமொழி,
நம்முடையதைப் போல.
இலீ என்றால் கை.
இலீம், என் கை.
இலீபினென், என் கையால்.
அங்கே ஒட்டினால் பொருள் கூடுகிறது.
இங்கே ஒட்டினால்
இரண்டு படிக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது.

வெந்நீர்த் தொட்டி டிசம்பரிலிருந்து பழுது.
உள்ளங்கையில் பொத்திப் பார்த்தாள்,
போதவில்லை; அவள் கையும் சில்லிட்டிருந்தது.
குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு
மறு கையால் படிவம் நிரப்பினாள்.
அந்தப் பக்கம் வந்த புரொக்கோப்பி
நின்று கேட்டார்: "காய்ச்சலா?"
"எனக்கில்லை."

இருபது நிமிடம்.
ரவை கரைந்து ரத்தமாயிற்று.
சூடு ஆறுமுன் ஓடிப்போய்
எந்திரத்தில் வைத்தாள்.
முப்பத்தோரு லட்சம்.
குறைவுதான்,
ஆனாலும் ஒரு மனுஷி
நடமாடக் கூடிய எண்.

மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார்:
குளிரைத் தவிர்க்கவும்.
அக்குலினா இரண்டு தரம் படித்தாள்.
"எந்தக் குளிரை?" என்றாள்.
பதிலுக்கு நிற்கவில்லை.
மைத்துனி ஒருத்தியைப்
பெட்டிகளுக்குக் காவல் வைத்து வந்திருந்தாள்,
அவளுக்கு விலை தெரியாது.

கதவு திறந்து மூடியதில்
வெண்ணிற ஆவி கொஞ்சம் உள்ளே வந்தது.
மேசைமேல்
மறந்து வைத்த குழாயில்
ரத்தம் மறுபடி
ரவையாகிக்கொண்டிருந்தது.