இடது இன்னும் ஒத்துவரவில்லை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கீழே
பேல் சாமான் விரித்திருந்த ரஸீன் நானா
"லேஸ் கட்டத் தேவையில்ல தங்கச்சி,
இழுத்தா ஏறும்" என்றார்.
அடிப்பாகம் தேயவே இல்லை.
யாரோ வாங்கி, போடாமலே விட்டது.
ஏன் விட்டார்கள் என்பது
அன்று இரவே தெரிந்துவிட்டது.

இஸ்தோப்பில் குந்தி
இரண்டு காதையும் பிடித்து இழுத்தேன்.
பாதத்தின் மேடு
தொண்டையில் சிக்கிய சோற்றுருண்டை மாதிரி
நடுவழியில் நின்றுகொண்டது.
காலுறைக்கு மேல் ஷொப்பிங் பை மாட்டி
வழுக்க விட்டுப் பார் என்றான்
கூட வேலை செய்யும் நந்தசேன.
மாட்டினேன். டொப் என்று இறங்கியது.
பையை உருவினால்
பாதிதான் வெளியே வந்தது.

எனக்கு வேலை வாய்க்கால் ஓரம்.
விடிய நாலரைக்கு டோர்ச் லைட்டோடு
ஒன்றரை மைல் நடந்து
கம்பிச் சல்லடையில் அடைக்கும் சருகை
வாரிப் போட வேண்டும்.
சருகு அடைத்தால் தண்ணீர் குறையும்,
தண்ணீர் குறைந்தால் கீழே மெஷின் முனகும்,
மெஷின் முனகினால் எனக்குக் கோல் வரும்.
கம்பூட்ஸ் இரண்டே மாதத்தில் வெடித்தது,
அட்டைகளுக்கு வாசல் திறந்துவிட்டு.

இந்தத் தோல் அட்டையை மதிப்பதில்லை.
என்னையும்தான்.

முதல் வாரம் குதிக்கால்
உள்ளே ஏறி ஏறி இறங்கியது,
இருட்டில் படி தெரியாதவன் போல.
சிறுவிரல் பக்கம் கொப்புளம்.
அது உடைந்த இடத்தில் இன்னொன்று.
கணுவுக்கு மேலே தோலுக்கு
மடியவே தெரியவில்லை.
மேடு ஏறினால் பலகை, பள்ளம் இறங்கினால் கதவு.
ரஸீன் நானா பால்மா டின்னில்
மாட்டுக் கொழுப்பு தந்தார், பூசச் சொல்லி.
வீட்டுக்குள் வைக்க முடியுமா?
கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.
லயத்து நாய் எல்லாம் கோழிக்கூட்டைச் சுற்றிப் படுத்தது.

இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து
தவசீலன் என்னிடம் பேசுவது மூன்றே சொல்:
உப்பு, சாவி, கேஸ்.

போடுவதைவிடக் கழற்றுவது பெரும்பாடு.
பதினோராம் நாள் மழையில் ஊறி
காலும் வீங்கி, தோலும் வீங்கி
வாசற்படியில் குதியைக் கொடுத்து நெம்பினேன்.
அகப்பைக் காம்பை விட்டுப் பார்த்தேன்.
அவர் சுவரைப் பார்த்தபடி
தேத்தண்ணி குடித்து முடித்தார்.
கோப்பையைக் கழுவினார். கவிழ்த்தார்.
பிறகு வந்து எனக்கு முதுகைக் காட்டி
என் வலது காலை
தன் தொடைகளுக்கு நடுவே தூக்கிப் பிடித்து
"மத்தக் காலால உதை" என்றார்.

எங்க?

"வேற எங்க. பின்னால."

கல்யாணமாகி ஒன்பது வருடம்.
அந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று
ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.
மெதுவாக வைத்தேன்.
"சோறு திங்கலியா நீ?"
அப்போதுதான் உதைத்தேன்,
நாலரை மணி இருட்டுக்கும்
மூன்று சொல்லுக்கும் சேர்த்து.

சப்பாத்தோடு போய்
விறகு அடுக்கில் விழுந்தார்.
அடுக்கு சரிந்தது.
பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.
விறகுக்கு நடுவே இருந்தபடியே
சப்பாத்துக்குள் கையை விட்டார்,
கன்று ஈன முடியாத பசுவுக்குப் பார்ப்பவன் போல
நெடுநேரம் துழாவி
கசங்கிய ஷொப்பிங் பைத் துண்டை எடுத்தார்.
"இதுதான் கடிச்சிருக்கு."

மற்றக் காலுக்கு
நான் கேட்காமலே திரும்பி நின்றார்.

வலது இப்போது என் கால்தான்.
குதி நழுவுவது நின்றுவிட்டது.
கணுவுக்கு மேலே மூன்று மடிப்பு,
நான் ஏறுகிற மேட்டின் கணக்கில்.
இடதுக்கு இன்னும் ரோஷம்.
இரவில் இரண்டுக்குள்ளும் பேப்பர் அடைத்து
அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைக்கிறேன்.
விடிய எழும்பினால்
ஈரப் பேப்பர் போய், புதிதாகக் காய்ந்தது இருக்கிறது.
யார் மாற்றியது என்று நான் கேட்பதில்லை.

அது நேற்றைய பேப்பர்.
நான் இன்னும் வாசிக்கவில்லை.