இரண்டடுக்குப் பெட்டி

ராயபுரம் பாலத்துக்கு இந்தப் பக்கம்
பகலை இரவாக்கி வைத்திருக்கிறோம்.
சிவப்பு பல்பு. ஜன்னலில் கறுப்பு சார்ட்.
அதன் கிழிசல் வழியே காசிமேட்டு நெத்திலி வாசம்
யாரையும் கேட்காமல் உள்ளே வரும்.

பதினேழாம் நம்பர், ஆண் எலி.
கண்ணாடிப் பெட்டிக்குள் மேல்தட்டு, கீழ்தட்டு,
இரண்டு பக்கமும் சரிவு.
பெண்ணை விடுமுன் ஐந்து நிமிடம்.
அதற்குள் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன வாரம் பதினான்கு.
இன்னும் வராதவளை
மேலே தேடி, கீழே தேடி, திரும்பவும் மேலே,
வெறும் மரத்தூளை மோந்து மோந்து.

இன்று ஹாலோபெரிடால் ஊசி. துளியிலும் துளி.
மூன்று.
மூன்றாவதும் பாதிச் சரிவில்
எதற்கு வந்தோம் என்று மறந்தாற்போல் நின்றது.

"டோபமைனை அடைச்சாச்சுல்ல" என்றான் ஹேமசுந்தர்,
தெருக்குழாயை மூடிவிட்டு வந்தவன் மாதிரி.

பிறகு பெண்ணை விட்டோம்.
காதை நடுக்கினாள். துள்ளி ஓடி, நின்று,
அவன் மூக்கருகே வந்து திரும்பினாள்.
தாமதமானது.
ஆனால் எல்லாம் நடந்தது, நடக்கவேண்டிய விதத்தில்.
"பக்கத்துல வந்தா சரியாத்தான் இருக்கான் மேடம்,
தேடறதுதான் போயிடுச்சு."

நோட்டில் 3 என்று எழுதினேன்.

வீட்டு ஃப்ரிட்ஜ் மேல்
அதே பெயருள்ள மாத்திரை, எட்டு மாதமாக.
முன்பெல்லாம் ரெய்மண்ட்
டோல்கேட் நிறுத்தத்தில் வருகிற பஸ்ஸிலெல்லாம் தலையை விடுவான்.
"இதுல இல்லையா? சரி, அடுத்ததுல"
என்று கண்டக்டரிடம் சொல்லிச் சிரிப்பான்.
அதே நாட்களில்தான்
சமையலறைச் சுவரிலிருந்து யாரோ அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
கத்தியை எல்லாம் நான் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன்.

சுவர் இப்போது பேசுவதில்லை.
கத்திகள் அதனதன் இடத்தில்.
குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இன்று இரவு,
அணைந்த டிவி முன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான்.
பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
வெகுநேரம் கழித்து அவன் கை
என் கைக்கடிகாரத்தின் மேல் வந்து படிந்தது,
கனமாக, வெதுவெதுப்பாக.
எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.
முள்ளை அவன் மறைத்திருந்தான்.

அப்புறம் முட்டை வாங்க மறந்தது ஞாபகம் வர
ஹவுசிங் போர்டு படியில் இறங்கினேன்.
பாதியில், பர்ஸ் எடுக்கவில்லை என்று ஏறினேன்.
மறுபடி இறங்கினேன்.
மூன்று மாடி. லைட் இல்லை.
இங்கே எண்ணுவதற்கு
யாரும் வைக்கப்படவில்லை.