விலகல் படிவம்

உள்ளே வருமுன் அவள்
இரும்பு அலமாரியை ஒருமுறை தொட்டாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
ஒருவருக்குப் பதினைந்து நிமிடம்.
கணினியில் அவள் பெயரைத் தேடுவதிலேயே
நாலு நிமிடம் போயிற்று.

மார்லீன் கோவல்சுக். வயது நாற்பத்தாறு.
இயற்பியல், இரண்டாம் ஆண்டு.
எனக்கு முப்பத்தொன்று.
ஆலோசகர் என்று கதவில் என் பெயரை ஒட்டி
ஆறு வாரம்தான் ஆகிறது.

"மின்காந்தவியலை விட்டுவிடுகிறேன்,
கையெழுத்துப் போடுங்கள்."
இடைத்தேர்வில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.
இதற்கென்றே என்னிடம் நான்கு வாக்கியங்கள் உண்டு.
மூன்றாவதைத் தொடங்கும்போது
அவள் கொட்டாவியை உள்ளங்கைக்குள் மறைத்தாள்.
"இரவு வேலை," என்றாள்,
ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி.
பாதி உறைந்த ஏரி. தண்டர் பே துறைமுகம்.
கரையோரம் வரிசையாய்த் தானியக் களஞ்சியங்கள்.

அங்கே என்ன வேலை?

கோதுமைத் தூசி, என்றாள்.
பெல்ட் ஓட ஓட மின்னூட்டம் சேரும்.
ஒரு பொறி போதும்,
கூரை போய் ஏரியில் விழும்.
அதனால் பெல்ட்டை ஓட்டுமுன்
நிலத்தொடுப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாய்
இழுத்துப் பார்க்கவேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டு கம்பி, ஒவ்வொரு இரவும்.
பிறகு சிரித்தாள்.
"ஆனால் மூடிய பரப்புக்குள் எவ்வளவு மின்னூட்டம் என்று
தாளில் கேட்டால்
எனக்குக் கை ஓடவில்லை."

அந்தப் பாடத்தை நான் இரண்டு முறை நடத்தியிருக்கிறேன்.
என் மூடிய பரப்புகள் எல்லாமே கோளங்கள்.
உள்ளே காற்றுகூட இருந்ததில்லை.
அங்கே யாரும் வேலை பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
மறுக்க எனக்கு உரிமை கிடையாது.
விலகல்:
எங்கள் பாடத்தில் அது ஒளி செய்வது,
ஊடகம் மாறும் இடத்தில்.
அதை அவளிடம் சொல்லவில்லை,
அழகாயிருக்கிறது என்பதாலேயே.
காரணம் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
காலியாக விட்டேன்.

பிறகு ஏனோ படிவத்தைத் திருப்பி
பின்பக்கத்தில் ஓர் உருளை வரைந்தேன்.
இதுதான் உங்கள் தொட்டி என்று வையுங்கள்.
அவள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.
"தொட்டி இப்படி இருக்காது. அடியில் புனல்.
தூசி இங்கே, மேலே.
கீழே திறந்துதான் இருக்கும்."

கதவைத் தட்டினான் அடுத்த மாணவன்.
படிவத்தை நான்காய் மடித்து
சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.
கொடுக்கக் கடைசி நாள் வெள்ளி.

இன்று சனி.
வகுப்புப் பட்டியல் ஒரு சொடுக்கு தூரத்தில்.
காப்பி போட்டேன்.
நேற்று வந்த மின்னஞ்சல்களை மறுபடி படித்தேன்.
தாளில் புனலோடு தொட்டியை வரைந்து
ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கீழே திறந்திருந்தால்
பரப்பை எங்கே மூடுவது?