வெள்ளைக்கு எத்தனை வெள்ளி

முதல் நோட்டீஸை நானேதான் செய்தேன்.
ஜெலுத்தோங் ஃபிளாட்டில், இரவு பதினோரு மணிக்கு,
போனில், ஒற்றைக் கட்டைவிரலால்.
நீல மலை. பனி. பனிமேல் ஒரு பென்குயின்.
பென்குயின் கழுத்தில் என் முகத்தை வைக்கலாமா என்று
ஒரு கணம் யோசித்ததும் உண்மை.
ஏர்கோன் கழுவ, கேஸ் நிரப்ப, தண்ணீர் சொட்டினால் நிறுத்த,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஓர் எழுத்துரு.
சிவப்பு வட்டத்தில் 'மலிவு',
மஞ்சள் வெடிப்பில் இன்னொரு 'மலிவு'.
எல்லாம் உட்கார்ந்தபின் மிஞ்சிய ஓரத்தில்
எறும்பு ஊர்ந்ததுபோல் என் தொலைபேசி எண்.

ஐந்நூறு பிரதி. கம்பிக்கதவுகளில் செருகினேன்.
மின்தூக்கியில் ஒட்டி, காவலாளியிடம் திட்டு வாங்கினேன்.
மூன்று வாரம், இரண்டு அழைப்பு.
ஒரு பெண்மணி ஐஸ்கட்டி மூட்டை என்ன விலை என்றார்.
மற்றது என் மைத்துனன், சும்மா.

"வீடியோ பார்த்து நானே கழற்றினேன்னு சொல்ற ஆளைப் பார்த்து
நீங்க எப்படிச் சிரிப்பீங்க?" என்றாள் புனிதமலர்.
அதற்குமேல் அவள் பேசவில்லை.

கூ சியூ பெங்கின் கடை ஆயர் ஈத்தாமில்,
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
இருநூற்றிருபது வெள்ளி.
அவள் செய்ததெல்லாம் எடுத்ததுதான்.
மலையை எடுத்தாள். வெடிப்பை எடுத்தாள்.
ஆறு எழுத்துருவில் ஐந்தை வெளியே அனுப்பினாள்.
பென்குயின் போகும்போது மட்டும் எனக்குத் தொண்டை அடைத்தது.
கடைசியில் எண், உள்ளங்கை அகலத்துக்கு.
சுற்றிலும் ஒன்றுமில்லை.
இந்த வெள்ளைக்கா இவ்வளவு வெள்ளி?
கேட்கவில்லை. கேட்டிருந்தால் மலாயில் கேட்கவேண்டும்,
மலாயில் அந்த இரண்டும் ஒட்டாது.

பிறகுதான் அடியில் தமிழ் வரியைப் பார்த்தேன்.
'சேவை'யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றது,
மாட்டுக்கு வாலில் முளைத்ததுபோல்.
அவளுக்கு அது வளைவு, எடை, இடைவெளி.
அழகாகத்தான் அடுக்கியிருந்தாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
இது இதற்கு முன்னால். இல்லை, இன்னும் கிட்ட.
அவள் நகர்த்த, நான் தலையாட்ட,
ஒரு சொல்லுக்கு நாற்பது நிமிடம்.
என் விரல் பட்ட திரையை அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
அந்த நாற்பது நிமிடத்துக்கு நான் பில் போடவில்லை.

அந்த வாரம் ஒன்பது அழைப்பு.
பாயா தெருபோங், பதினேழாம் மாடி,
ஏணியில் நின்று திரும்பியபோது
குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில்,
என் பழைய நோட்டீஸ்.
"பையனுக்கு அந்தப் பென்குயினைப் பிடிச்சுப்போச்சு, தூக்கிப்போட விடல.
நம்பர்தான் படிக்க முடியல.
புதுசு வந்ததும் கூப்பிட்டேன்."

அடுத்த ஆயிரத்துக்கு சியூ பெங்கிடம் கேட்டிருக்கிறேன்,
மூலையில், சின்னதாய், ஒன்றே ஒன்று.
யோசிக்கணும் என்றாள்.
வெள்ளையைக் கெடுக்குமாம்.