மூடிய தொகை

நகப்பூச்சு வாங்கப் போனபோது
கடைக்காரன் கண்ணடித்தான்:
"வீட்டம்மா வந்துட்டாங்களா?"
நண்டுகளுக்கு என்றேன்.
பில்லைக் கிழித்துக் கொடுத்தான்,
மேற்கொண்டு கேட்கவில்லை.

உம் அல் குவைன் கழியில்
அன்றைக்கு நீர் வடியும் நேரம் நாலே முக்கால்.
சேற்றில் குத்திவைத்த பென்சில்கள்போல்
அலையாத்தியின் மூச்சுவேர்கள்.
அறுபது நண்டு பிடித்தேன்.
அறுபது முதுகிலும் ஒரு சிவப்புப் பொட்டு,
ஊதி, உலர்த்தி, விட்டேன்.
ஒன்று மட்டும் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு
போகமாட்டேன் என்றது.

பதினான்கு நாள் கழித்து ஐம்பது பிடிக்க வேண்டும்.
அதில் எத்தனை பொட்டு திரும்பி வருகிறதோ
அதை வைத்து இந்தச் சேறு முழுக்க எத்தனை என்று
சொல்லிவிடலாம்.
டாக்டர் ஷைமா பலகையில் எழுதிக் காட்டினாள்:
ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்,
கீழே சின்ன எழுத்தில் நிபந்தனைகள்.
யாரும் உள்ளே வரவில்லை.
யாரும் வெளியே போகவில்லை.
இட்ட குறி அழியவில்லை.

"இந்த ஊரிலா?" என்றேன்.
கெய்ரோக்காரி, புரிந்து சிரித்தாள்.
"மாதிரி என்றாலே கொஞ்சம் பொய்தான், தவசி.
எவ்வளவு பொய் என்று தெரிந்தால் போதும்."

இடைப்பட்ட நாட்களில் தண்ணீர் பார்த்தேன்.
கடலிடம் குடிநீரை வாங்கிக்கொண்டு
உப்பை மட்டும் திருப்பித் தரும் ஆலையின் வாய்க்காலில்
ஐந்து குப்பி.
குரோமேட் விட்டால் மஞ்சள்.
பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்
சொட்டுச் சொட்டாய் இறங்க
குடுவைக்குள் பால் திரிகிறது.
குளோரைடு இருக்கும்வரை வெள்ளி
வேறு யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.
கடைசிக் குளோரைடும் தீர்ந்த மறுசொட்டில்
செங்கல் நிறம்,
குலுக்கினாலும் போகாது.
அங்கே நிறுத்த வேண்டும்.
ஒரு சொட்டு தாண்டினால் கடலே தப்பு.

எந்த உயிரும் பெருகிக்கொண்டே போவதில்லை;
வளைகோடு ஏறி, ஏறி,
ஓரிடத்தில் தலை தட்டிப் படுத்துக்கொள்ளும்.
தாங்குதிறன் என்று அதற்குப் பெயர்.
எங்கள் அறைக்கு அது ஆறு.
கதவில் நகராட்சி ஒட்டியிருக்கிறது.

ஏழாவது லூர்துராஜ்.
கம்பெனி மூடி, மார்ச்சில் அட்டை செத்துப்போனவன்.
நான் நண்டுக்குக் கிளம்பும்வரை தரையில் உட்கார்ந்திருப்பான்,
பிறகு என் சூட்டிலேயே படுத்துக்கொள்வான்.
செவ்வாய் இரவு கதவு தட்டினார்கள்.
அவன் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
ஆறு ஆள், ஆறு அட்டை.
சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள்.
டம்ளரில் ஏழு பல்துலக்கி இருந்தது.
அதை எண்ணும் வழக்கம் எந்த முறையிலும் இல்லை.

பதினான்காம் நாள். ஐம்பது பிடித்தேன்.
ஐந்து பொட்டு.
அறுபதை ஐம்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால்
அறுநூறு.

ஆனால் முப்பத்தோராவது நண்டு
நனைந்த காகிதம்போல் மெத்தென்றிருந்தது.
அதைப் பிடித்த வேரடியிலேயே
ஒரு வெற்று ஓடு,
முதுகில் என் பொட்டு, சற்றும் கலையாமல்.
ஓடு இருபத்திரண்டு மில்லிமீட்டர்,
நண்டு இருபத்தைந்து.
வளர்ந்திருக்கிறது,
குறியைக் கழற்றி வைத்துவிட்டு.

அதையும் சேர்த்தால் ஆறு.
ஆறென்றால் ஐந்நூறு.
உதிர்ந்த ஓர் ஓட்டினால்
பிறக்காத நூறு நண்டுகள்
கணக்கில் நடமாடுகின்றன.

"இது அதேதான் என்று எப்படிச் சொல்வாய்?"
என்றாள் ஷைமா.
சொல்ல முடியாது.
ஓட்டைக் குப்பியில் போட்டு மேசையில் வைத்தேன்.
வெகுநேரம் பார்த்துவிட்டு
இரண்டு எண்ணையும் எழுதினாள்,
நடுவில் ஒரு கோடு போட்டு.

அறைக்குத் திரும்புகையில் வெயில் ஏறியிருந்தது.
என் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
நகப்பூச்சு என் கட்டைவிரலில் காய்ந்திருந்தது.
தரையில் உட்கார்ந்து
அதைச் சுரண்டத் தொடங்கினேன்,
சத்தம் வராமல்.